சாயும் கண்ணாடியைப் பிடிக்காதே

சாய்ந்துவிட்ட கண்ணாடியை எவனாலும் பிடிக்க முடியாது. இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகத்தான் போன மாதம் என்னைக் கார் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் எனக்காக ஒரு சைக்கிள்கூட அனுப்பாத கம்பெனி, ஓய்வு பெற்றபின் கார் அனுப்புகிறது. வந்த வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் எந்நேரமும் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்குமே, அந்த வரிசையை ஒட்டி உள்ளே போனால் ஒரு கண்ணாடி யார்டு. கப்பலில் வருகிற கண்ணாடி ஷீட்டுகளை இறக்கி, அடுக்கி, வெட்டி, கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் அனுப்புகிற இடம். ராயபுரத்திலிருந்து கூலியாகப் போய்ச் சேர்ந்தேன். சரக்கு இறக்கும் பகுதியின் சூப்பர்வைசராக வெளியே வந்தேன். இப்போது அங்கே புது இயந்திரம் வந்திருக்கிறதாம். ரப்பர் கிண்ணங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, காற்றை உறிஞ்சிப் பிடித்துத் தூக்கி வைத்துவிடும். ஆள் யாரும் பக்கத்தில் போக வேண்டியதில்லை. பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிற பிரியா என்ற பெண்தான் எனக்குப் போன் செய்தார். என் மகள் வயதிருக்கும்.

“சார், மெஷின் வந்தும் பசங்க கிட்டப் போய்தான் நிக்கிறாங்க. நிக்காதேன்னு நான் சொன்னா போர்டுல எழுதின மாதிரி இருக்கு. நீங்க வந்து நடந்ததைச் சொன்னா மனசுல நிக்கும்.”

நடந்தது என்று அவர் சொன்னது ஏழுமலையின் சாவை. அது யார்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அதில் எல்லோருக்கும் தெரியாத ஒன்றும் இருந்தது. அது எனக்கும் இன்னொருவனுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லும் வேளை வந்துவிட்டது என்ற எண்ணத்தோடுதான் பிரியாவிடம் வருகிறேன் என்றேன்.

கண்ணாடி வியாபாரம் என்றால் ஜனங்களுக்கு முகம் பார்க்கிற கண்ணாடிதான் ஞாபகம் வரும். நான் சேர்ந்த காலத்தில் அதில் பாதி உண்மை. அப்போது எங்கள் பெரிய கிராக்கி பீரோக்காரர்கள். கல்யாணம் என்றால் பெண்ணோடு ஒரு இரும்பு பீரோ போகும், பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி இருக்கும். தை பிறந்தால் பட்டறைக்காரர்கள் மீன்பாடி வண்டியோடு வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அடுத்தது பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறவர்கள். பிறகு மிட்டாய்க் கடை ஷோகேஸ், கொளத்தூர் மீன்தொட்டி, சாமி படத்துக்கும் செத்தவர் படத்துக்கும் சட்டம் போடுகிற கடைகள். இவர்களுக்கெல்லாம் சின்ன ஷீட் போதும். சரக்கும் மரப்பெட்டிக்குள் வைக்கோல் திணித்து வரும். நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். உடைந்தால் கை கிழியும், தையல் போட்டுக்கொண்டு மறுநாள் ஒற்றைக் கையோடு வேலைக்கு வருவோம். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

பிறகு ஊரின் ஆசை மாறிற்று. இரும்பு பீரோ போய்ப் பலகை அலமாரி வந்தது. படத்துக்குப் பிளாஸ்டிக் வந்தது. தெற்கே சுவரே இல்லாமல் கண்ணாடியாலேயே ஆபீஸ் கட்ட ஆரம்பித்தார்கள். வெயில் காய்கிற ஊரில் கண்ணாடிக் கூண்டு கட்டி, அதற்குள் ஏசி போட்டுக்கொள்ளும் புத்தி எவனுக்கு முதலில் வந்ததோ தெரியாது. அவர்களுக்குத் துண்டு கண்ணாடி ஆகாது. பெரியதாக வேண்டும், இன்னும் பெரியதாக வேண்டும். கேட்கிறவன் கேட்டால் செய்கிறவன் செய்வான், கப்பல் சுமக்கும். மரப்பெட்டி போயிற்று, வைக்கோலும் போயிற்று. ஆளைவிட உயரமான ஷீட்டுகளை மொத்தமாகச் சேர்த்து, இரும்புப் பட்டை போட்டுக் கட்டி, மேல்பக்கம் திறந்த கண்டெய்னரில் நிறுத்தி அனுப்பினார்கள். ஒரு கட்டு இரண்டு டன்னுக்குக் குறையாது. பட்டையை வெட்டுகிறவரை அது அடங்கிக் கிடக்கும். வெட்டியபின் அது எந்தப் பக்கம் போகும் என்பது அதற்கே வெளிச்சம்.

இந்தப் பெரிய ஷீட்டுகளை இறக்க எங்களைப் பழக்கியவர் அற்புதராஜ் சார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். துறைமுகத்தில் பல வருடம் சரக்கு இறக்கிவிட்டு எங்கள் யார்டுக்கு மேலாளராக வந்தவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அவர் யார்டில் நடந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். முதலில் ஏதோ பெரிய மனுஷத் தோரணை என்று நினைத்துக் கிண்டல் செய்தோம். ஒரு நாள் நிற்கிற கட்டின் பக்கமாக நான் கையை வீசிக்கொண்டு போனபோது கூப்பிட்டார்.

“ஏல மனோகரா, கையப் பின்னால கெட்டு.”

“எதுக்கு சார்?”

“கண்ணாடி சாஞ்சா ஒன் மூளைக்குத் தெரியறதுக்கு முன்னாடி கை போயி பிடிச்சிரும். கை முட்டாப்பய. அதக் கெட்டிப் போட்டுத்தான் வச்சிருக்கணும்.”

அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. காரணத்தை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றைக்கு முதல் கண்ணாடி நிற்கும் இடத்தில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தோம். வெளியாட்கள் பார்த்தால், குற்றம் செய்துவிட்டு வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

புதிதாக வருகிற ஆளுக்கு அவர் ஒரு சடங்கு வைத்திருந்தார். கழித்துக்கட்டிய ஷீட் ஒன்றை அவன் கையில் கொடுத்து யார்டு நடுவில் நிற்கவைப்பார். கையுறை, காலில் பூட்ஸ், எல்லாம் மாட்டிவிட்டுத்தான். “விடு” என்று சொன்னதும் அவன் அதைக் கீழே விட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஒருவனும் முதல் தடவையில் விட்டதில்லை. கூடவே குனிவான், மெதுவாகத் தரையில் வைக்கப் பார்ப்பான். உடையப்போகிற பொருளை உடையட்டும் என்று விடுவதற்கு மனுஷனுக்கு மனசு வராது. இன்னொரு ஷீட்டைக் கொடுப்பார். அதுவும் சரியில்லை என்றால் இன்னொன்று. சொன்ன கணத்தில் விரல் தானாகத் திறக்கிறவரை விடமாட்டார். நூறு ஷீட் உடைந்தாலும் பரவாயில்லை, ஓர் ஆள் உடையக் கூடாது என்பார்.

ஏழுமலை என்னோடு சேர்ந்தவன். வியாசர்பாடி. சத்தமான ஆள், தமாஷ் பேர்வழி, வேலையில் மட்டும் விளையாட்டு கிடையாது. அற்புதராஜ் சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனபின் அந்தச் சடங்கை நடத்துகிற பொறுப்பை ஏழுமலை எடுத்துக்கொண்டான். சார் சொன்ன ‘விடு’ எங்கள் வாயில் ‘வுடு’ ஆயிற்று. மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை.

ஏழுமலையின் மனைவி அஞ்சலையும் அதே யார்டில்தான் வேலை பார்த்தாள். பின்பக்கக் கொட்டகையில் கட்டைகளிலிருந்து ஆணி பிடுங்குவதும், ஷீட்டுகளுக்கு நடுவே வைத்து வரும் காகிதத்தை அடுக்கிக் கட்டுவதும் பெண்களின் வேலை. அஞ்சலைக்கு ஒரே தம்பி, சுகுமார். அப்பா அம்மா போனபின் அவனைப் பிள்ளை மாதிரி வளர்த்தவள் அவள்தான். சாப்பாடு அக்கா வீட்டில், தூக்கம் அக்கா வீட்டில். வேறு எங்கும் வேலை நிலைக்காததால் ஏழுமலையே மச்சானைக் கூட்டிவந்து யார்டில் சேர்த்துவிட்டான்.

சடங்கில் சுகுமார் படுமோசம். ஷீட் மேல் ஷீட்டாகக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தான். பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் சிரித்தோம். ஏழுமலை சிரிக்கவில்லை. சுகுமாரின் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினான்.

“டேய் சுகு, இது இன்னா உங்கக்கா வூட்டுச் சொம்பா, பதனமா எறக்கி வெக்கற? நான் வுடுன்னா வுட்டுடணும். யோசிக்கக் கூடாது. நானே உள்ள மாட்டிகினு கீறேன்னு வெச்சிக்கோ, அப்பவும் வுடுன்னா வுட்டுடணும். புர்தா?”

“புரியுது மாமா.”

அதற்கப்புறம் சுகுமாரின் கையைப் போல் வேகமாகத் திறக்கிற கை யார்டில் கிடையாது. ஏழுமலை வாயைத் திறப்பதற்குள் ஷீட் தரையில் சில்லுச் சில்லாகக் கிடக்கும். அவனுக்கு அதில் பெருமை, ஏழுமலைக்கு அதைவிடப் பெருமை.

இனி இறக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. கண்டெய்னருக்குள் கட்டுகள் இடது சுவரில் சாய்ந்து நிற்கும். அவை வலது பக்கம் வந்துவிடாமல் இருக்க நடுவில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருப்பார்கள். முதலில் லாரி மட்டமாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து கட்டின் மேல் விளிம்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை இடது பக்கம் வெளியே மேடையில் நிற்கிறவன் கையில் கொடுக்க வேண்டும். பிறகு மேலேயிருந்து கொக்கி போட்டு முட்டுக்கட்டைகளை உருவ வேண்டும். உருவியதும் கட்டுக்கும் வலது சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையக்கூடிய சந்து உண்டாகும். அற்புதராஜ் சார் அதைக் கிணறு என்பார். கிணற்றுக்குள் யாரும் காலை வைக்கக் கூடாது. பின்பக்கக் கதவு முனையில் வெளியே நின்றபடியே பட்டையை வெட்டி, கிரேன் பெல்ட்டை மேலிருந்து இறக்கி மாட்ட வேண்டும்.

அந்தக் கயிறு கண்ணாடியைத் தாங்குவதற்கல்ல. இரண்டு டன்னை ஒரு மனுஷன் கயிற்றில் தாங்குவதாவது. கட்டு அசைந்தால் முதலில் தெரிவது கயிற்றில்தான். தொய்வாக இருந்தது விறைத்தால் “வுடு” என்று கத்த வேண்டும், எல்லோரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு விலக வேண்டும். ஆபத்தை யார் முதலில் பார்த்தாலும் அவன் கத்தலாம். கூலி கத்தினால் மேனேஜரும் விட வேண்டும். கத்தியது யார், எதற்கு என்று திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஐப்பசித் தூறல் பிடித்துக்கொண்ட ஒரு காலை. மணலிப் பக்கத்திலிருந்து மூக்கை அடைக்கிற அந்த நாற்றம் வேறு. ஈரத்தில் கட்டைகள் ஊறி, உருவுவதற்கே பெரும்பாடாக இருந்தது. தூக்குக்குண்டு பார்த்தோம், சரியாக இருந்தது. சுகுமார் மேடையில் கயிற்றோடு நின்றான். ஏழுமலை கதவு முனையில் பட்டையை வெட்டினான். நான் லாரியின் மூக்குப் பக்கம் நின்று கிரேன்காரருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிய பட்டையின் நுனி சுருண்டு போய் கட்டின் அடியில் சிக்கிக்கொண்டது. பெல்ட் இறங்க மறுத்தது. ஏழுமலை அதை எடுப்பதற்காக ஓர் எட்டு உள்ளே வைத்தான். எத்தனையோ பேருக்குக் கிணற்றில் கால் வைக்காதே என்று சொல்லிக்கொடுத்த ஆள். ஓர் எட்டுதான், உடனே வந்துவிடலாம் என்று நினைத்திருப்பான். நான் அதைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தது கயிற்றை. சுகுமாரின் கையில் தொங்கிக்கொண்டிருந்த கயிறு மெல்ல நிமிர்ந்து நேராயிற்று. அவன் முகம் மாறியது. அந்த நொடியில் கண்டெய்னருக்குள்ளிருந்து குரல் வந்தது. விடச் சொல்லுகிற குரல். சுகுமாரின் விரல்கள் திறந்தன. கயிறு மேடை விளிம்பைத் தாண்டிப் பாம்பு மாதிரி உள்ளே ஓடி மறைந்தது. அப்புறம் வந்த சத்தம், கண்ணாடி உடைகிற சத்தமே இல்லை. மூட்டையைப் போட்டது போல் ஒரு சத்தம். கட்டு முழுசாக வலது சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு ஷீட்கூட உடையவில்லை.

காரணம் என்று அப்புறம் ஆளுக்கொன்று சொன்னார்கள். அடியில் வைத்திருந்த தாங்குகட்டை கப்பலிலேயே விரிசல் விட்டிருந்தது என்று முடிவாயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். கடைசியில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, விடு என்று கத்தியது யார் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சுகுமார் முன்னால் வந்தான்.

“நான்தான் சார். கயிறு வெறச்சுது. கத்திட்டு வுட்டேன்.”

நான் அவனையே பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து வந்த குரலை லாரியின் மூக்குப் பக்கம் நின்ற நான் கேட்டிருந்தேன். அது ஏழுமலையின் குரல். வெளியே டீக்கடை மறைவில் அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

“இன்னாத்துக்குடா பொய் சொன்ன? கத்துனது உங்க மாமா.”

“தெரியும்ணா.”

“பின்ன?”

அவன் டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தான்.

“மாமா பட்டுனு பூட்டாரு, இன்னா நடக்குதுன்னே தெரியாம பூட்டாருன்னு அக்கா நெனச்சிகினு கெடக்கட்டும்ணா. கண்ணாடி மேல வர்றத பாத்துகினே நின்னாரு, பாத்துதான் கத்துனாருன்னு தெரிஞ்சா அது ஜென்மத்துக்கும் தூங்காது.”

“அப்ப நீதான் கத்தி, நீதான் வுட்டேன்னு ஆவும். உன்னத்தான் பேசும் ஊரு. உங்கக்காவும்தான்.”

“பேசட்டும். திட்றதுக்கு அதுக்கு ஒரு ஆளு வேணும்ல. நீ மட்டும் வாயத் தொறக்காத. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அன்றைக்கு அவன் நின்ற கோலத்தைப் பார்த்தவன் எவனும் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டான்.

ஆனால் அதற்கும் முன்னால், ஏழுமலையைச் சுடுகாட்டுக்கு எடுப்பதற்குமுன், அவன் வீட்டில் ஒன்று நடந்தது. அதைத்தான் நான் இத்தனை வருடமும் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். குடியிருப்பின் வாசலில் பந்தல். சுகுமார் ஒரு தூணோடு தூணாக நின்றிருந்தான். அஞ்சலை அழவில்லை. எழுந்து தம்பியிடம் வந்தாள். அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி திருப்பி, வெளிச்சம் படுகிற மாதிரி தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒரு தரம் தடவினாள். தம்பியைக் கட்டிக்கொண்டு இப்போதுதான் அழப்போகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் கைகளை அப்படியே கீழே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கத்தியது தான்தான் என்று சுகுமார் சொன்ன சேதி பிறகுதான் ஊரில் பரவிற்று. அதனால்தான் அக்கா பேசவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டினோம். சுகுமார் யார்டை விட்டான். அக்கா வீட்டையும் விட்டான். காசிமேட்டில் படகுக்குப் போனான், வலை இழுக்கிற வேலை. நான் ஓய்வு பெறுகிறவரை அஞ்சலை அதே கொட்டகையில் ஆணி பிடுங்கினாள். நாள்தோறும் அவளைக் கடந்து போவேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வரும். சத்தியம் என்பதைவிடப் பயம்தான் அதிகம். அவன் அக்காவுக்காக எடுத்துக்கொண்ட பழியை நான் யார் கலைக்க?

அவள் மகள் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாத கல்யாணம் பாதிக் கல்யாணம். முறைக்குச் சித்தப்பா பிள்ளை ஒருவனை நிறுத்தி ஒப்பேற்றினார்கள். நான் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் மண்டபத்துக்கு எதிர்ச்சாரியில், மூடிய கடை ஒன்றின் படியில் சுகுமார் உட்கார்ந்திருந்தான். தோய்த்த வெள்ளைச் சட்டை. மடியில் ஒரு பட்டுப்புடவைப் பை.

“மாப்ள எப்டி கீறாருண்ணா? ஒயரமா?”

ஆமாம், உயரம்தான் என்றேன். பையை என் கையில் கொடுத்து, யார் கொடுத்தது என்று சொல்லாமல் கொடுத்துவிடு என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் முன்னால் அழக் கூடாதென்று வெற்றிலை போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

இதெல்லாம் பழைய கதை. பிரியா போன் செய்வதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சுகுமார் என் வீட்டுக்கு வந்தான். முட்டி தேய்ந்து தாங்கித் தாங்கி நடந்தான். அக்கா மகளுக்குப் பிள்ளை பிறந்து, காது குத்து வைத்திருக்கிறார்களாம். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. அம்மாவிடம் கேட்டுப் பார்த்திருக்கிறது, எங்க மாமாவைக் கூப்பிடு என்று. அம்மா வாயே திறக்கவில்லையாம்.

“நீ சொல்லிடுண்ணா,” என்றான்.

“எத்த?”

“மாமாதான் கத்துனாருன்னு. இத்தினி வருசம் ஆயிப்போச்சு. இப்ப சொன்னா அக்கா தாங்கும்ல? மாமா சொல்லித்தான் நான் வுட்டேன்னு தெரிஞ்சா ஒரு வாட்டி வூட்டுக்குள்ள கூப்டும்ல? அந்தப் புள்ளய ஒரு வாட்டி மடில வெச்சிக்கணும்ணா. அவ்ளோதான்.”

பேசும்போது கையை நீட்டி நீட்டிப் பேசினான். வலைக்கயிறு அறுத்து அறுத்து உள்ளங்கை முழுக்கக் காப்புக் காய்த்திருந்தது. ரேகை என்று ஒன்று தெரியவே இல்லை. நான் சொல்கிறேன் என்றேன். அந்த நிமிஷம் பெரிய சுமை இறங்கியது போலிருந்தது. என்னிடம் ஒரு சாவி இருக்கிறது, பூட்டைத் திறக்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

காரில் போய் இறங்கினேன். கொட்டகை இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஹால் கட்டியிருந்தார்கள். புது இயந்திரத்தைப் பிரியா காட்டினார். கிண்ணங்கள் ஷீட்டைக் கவ்விக்கொண்டு பூ மாதிரி தூக்கிப் போயின. நல்ல இயந்திரம். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம். ஹாலில் ஆட்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் வடக்கத்தி ஆட்கள். பிரியா ஒவ்வொரு வரியையும் இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தார். பின்வரிசைக்கும் பின்னால், சுவரோரமாக, டீ கேனோடு அஞ்சலை நின்றிருந்தாள். ஆணி வேலை ஒழிந்தபின் அவளுக்கு டீ கொடுக்கிற வேலை போட்டிருக்கிறார்கள். தலை பஞ்சாய் நரைத்திருந்தது.

கையைப் பின்னால் கட்டுவது, கிணறு, கயிறு, எல்லாம் சொன்னேன். அவள் நிற்கிறாள் என்பதால் ஏழுமலையின் பேரைச் சொல்லாமல் ஓர் ஆள் என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு லாரி டிரைவர் கேட்டார்.

“அப்போ கயிறு புடிச்ச ஆளு விட்டது சரிதானா சார்?”

“நூத்துக்கு நூறு சரி. புடிச்சிருந்தா அவனும் மேடையிலேர்ந்து இழுத்துகினு போயி உள்ள விழுந்திருப்பான். ஒரு சாவு ரெண்டு சாவாயிருக்கும்.”

இதைச் சொன்னபோது சுவரோரம் பார்த்தேன். அவள் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கலைந்தபின் குழாயடியில் போய் அவளைப் பிடித்தேன். டீ கேனைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சௌக்கியம் விசாரித்தேன். பேரப்பிள்ளைக்குக் காது குத்தாமே என்றேன். ஆமாண்ணா என்றாள். இழுத்தடித்தால் தைரியம் போய்விடும் என்று நேராகவே ஆரம்பித்தேன்.

“அஞ்சல, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி வுடுன்னு கத்துனது சுகுமாரு இல்ல. ஏழுமலதான். அவன் சொல்லித்தான் இவன் வுட்டான். உனக்குத் தெரிய வேணாம்னு பழிய இவன் தலையில போட்டுகினான்.”

அவள் கை நிற்கவில்லை. கேனின் அடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியும்ணா.”

கேனைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள்.

“நான் ஆணி புடுங்கற எடத்துல இருந்தேன். சுத்தி அல்லாரும் சுத்தியால தட்டிகினு இருந்தாங்க. அவங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. கட்ன புருசன் கொரலு தெரியாதா எனக்கு?”

“தெரிஞ்சுமா இத்தினி வருசம்?”

அவள் குழாயை மூடினாள். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீயும் கேட்டல்ல. வுடுன்னா சொன்னாரு? ‘சுகு, வுட்றா’ன்னாரு. பேர் சொல்லி.”

ஆமாம். அப்படித்தான் சொன்னான். அந்தப் பேரை நானும் கேட்டிருந்தேன். அதை என் மனசுக்குள்கூட நான் திருப்பிச் சொல்லிப் பார்த்ததில்லை.

“நீ ஹால்ல பேசுனதையும் கேட்டேன். புடிச்சிருந்தாலும் பூட்டுதான் இருப்பாரு. அது தெரியாத மக்கு இல்ல நானு. அன்னிக்கி அவன் கையப் பாத்தேன்ணா. ஒரு கோடு இல்ல. ரவ தோலு உரிஞ்சிருந்தாகூட எனக்குப் போதும். எங்கூட்ல சோறு துன்னு வளந்த கை. அவுரு பேர் சொல்லி வுடுன்னாரு, இவன் வுட்டுட்டான். அந்தக் கைல புள்ளய எப்டிண்ணா குடுப்பேன்?”

அவன் கையை இப்போது வந்து பார் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதுவும் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. அவள் பார்க்க வேண்டியது அன்றைய கையில் இருந்திருக்க வேண்டும். சாய்ந்த கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது என்பதற்கு என்னிடம் ஆயிரம் காரணம் இருந்தது, ஒரு ஹால் நிறைய ஆட்களுக்குச் சற்றுமுன்தான் சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. சுகுமாருக்கு என்ன சொல்லப்போகிறேன் என்றும் தெரியவில்லை.

கேனையும் டம்ளர்களையும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அவள் ஹாலை நோக்கி நடந்தாள். போய் ஒரு கை கொடுத்திருக்கலாம். நான் அங்கேயே நின்றேன். அவள் உள்ளே போய் மறைந்தபிறகுதான், என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பது எனக்கே தெரிந்தது.